நான்கு நொடியில் மூடிய ஷாப்ட்

உங்கள் சொந்த ஊர் திரையில் வருகிற நாள் ஒன்று உங்களுக்கும் வரும். அன்றைக்கு அந்த வரியைத் தொடாமல் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். செய்தித்தாளில் வேலை பார்த்தவள் என்பதால் முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். மீதி, நேரம் இருப்பவர்களுக்கு.

பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்து மூன்று வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். அந்தப் பதிப்பை நிறுத்தியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு ஆறு வருடம், நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் இதே வேலையைப் பார்த்தேன். போனில் வழி காட்டும் வரைபடத்தில் இருக்கிற கடை, கோயில், மருத்துவமனை எல்லாம் உண்மையில் இருக்கின்றனவா, இடம் மாறிவிட்டனவா, மூடிவிட்டனவா என்று பார்த்துச் சொல்லும் வேலை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஆளும் இல்லை.

அந்த நிறுவனத்தின் கட்டடத்தில் உட்கார்ந்து, அதன் கணினியில், அதன் வேலையைச் செய்கிறோம். ஆனால் நாம் அதன் ஊழியர்கள் அல்ல. நம்மை வேலைக்கு வைத்திருப்பவர் நடுவில் இருந்து ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர், வெண்டர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கேக் தேவைப்பட்டது. சேர்ந்த இரண்டாம் மாதம், நிறுவனத்தின் பிறந்தநாள் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. நான்காம் மாடியில் கேக் இருக்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்றார்கள். நாங்கள் பதினாறு பேர் படியேறிப் போனோம். எங்கள் அட்டைக்கு நான்காம் மாடிக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்ல பெரிய கேக். கால் மணி நேரத்தில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது: முந்தைய மின்னஞ்சல் உங்களுக்குத் தவறுதலாக அனுப்பப்பட்டது. ஒரு தவறை அந்த நிறுவனம் அவ்வளவு வேகமாகத் திருத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

என் தவறுக்கு வருகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். திரையில் 'சாம்பியன் ரீப்ஸ்' என்று வந்தது. கோலார் தங்கவயலில் நான் பிறந்த, இன்றும் குடியிருக்கிற பகுதி. அதற்குக் கீழே ஒரு ஷாப்ட்டின் பெயர். பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் சுரங்க வாயிலுக்கு எங்கள் ஊரில் ஷாப்ட் என்றுதான் பெயர். அதன் இரும்புக் கோபுரம் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும். யாரோ ஒருவர், 'இந்த இடம் இப்போது இயங்கவில்லை' என்று புகார் கொடுத்திருந்தார். இயங்குகிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

தங்கம் எடுப்பதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் வேண்டியதில்லை. ஒரு வரிக்கு நாற்பது நொடி தருவார்கள். நான் நான்கு நொடியில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதை அழுத்தினேன். பெருமை தாங்காமல் எங்கள் டீம் லீடிடம் போய்ச் சொன்னேன்.

"எங்க ஊரு வந்துச்சு. கண்ண மூடிகினு போட்டேன்."

"சூப்பர் அக்கா," என்றாள் அவள்.

வேறு யாருக்காவது, ராஞ்சியிலோ மணிலாவிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அந்த வரி போயிருந்தால் அவர் மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்து பார்த்திருப்பார். ஷாப்ட்டுக்கு எதிரே மைதானம், வண்டிகள், கூரைகள், ஆட்கள் எல்லாம் தெரிந்திருக்கும். ஏதோ இருக்கிறதே என்று அவர் 'உறுதியாகத் தெரியவில்லை' என்பதை அழுத்தியிருப்பார். அந்தத் தவறைச் செய்ய எங்கள் ஊர்க்காரி ஒருத்தி வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சுஜாதா வந்தாள். எங்கள் லைனில், அதாவது வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளி இருப்பவள், முப்பத்திரண்டு வயது. செய்தித்தாளில் இருந்தவள் என்பதால் என்னை எல்லோரும் 'பேப்பர்க்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மனு, புகார், விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும்.

"பேப்பர்க்கா, இங்கிலீஷ்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் எழுதணும். நல்லா காரமா."

சுஜாதாவைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, அவள் நாலு வருடம் ஆன்லைன் கடை ஒன்றின் கிடங்கில் பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அதுவும் காண்ட்ராக்ட். பதினோரு மாதம் முடிந்தால் நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். நாலாவது முறை புது ஆளாகச் சேர்ந்தபோது, பெட்டியை முதுகு வலிக்காமல் தூக்குவது எப்படி என்று பயிற்சி வீடியோ போட்டார்களாம். "அந்த வீடியோல பெட்டி தூக்கறதே நான்தாங்க்கா," என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த வாரமே வேலையை விட்டாள்.

இரண்டாவது, விட்ட பிறகு அவள் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். ஷாப்ட்டுக்கு எதிரே உள்ள மைதானத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சாம்பல் நிற மேடுகளுக்கு நடுவே, விழுந்தாலும் பெரிதாக அடிபடாத மண்ணில். நர்சுகள், டீச்சர்கள், தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். வரைபடத்தில் பெயர் ஏறிய பிறகு உரிகம், பங்காருபேட்டையிலிருந்தெல்லாம் போன் வந்தது. லீவில் பெரிய கூட்டம் சேரும் என்று இன்னொரு பழைய ஸ்கூட்டரும் வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மேப்புல எங்கிளாஸ 'பர்மனென்ட்லி க்ளோஸ்டு'ன்னு போட்டுட்டான். போன வாரம் தெனம் ஆறு போன் வந்துச்சு. நாலு நாளா ஒண்ணே ஒண்ணு. அதுவும் எங்க மாமியார்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கெடங்கு காண்ட்ராக்டரு வேற சனிக்கிழம வரைக்கும் டைம் குடுத்துக்கிறாரு. அன்னிக்கு வேன் வருது, புது பேட்ச்சு. வர்றியா இல்லியான்னு அன்னிக்கு சொல்லணும். எட்டு பேராவது சேந்தாதான் நா இங்க நிக்க முடியும்க்கா. இல்லாங்காட்டி மறுபடியும் அந்த பெட்டிதான்."

கணினியைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எழுதுங்க. இந்த பட்டன அமுக்கனவன் ஒரு தடவயாவது எங்க ஊருக்கு வந்து பாத்துக்கிறானா?"

'நேரில் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன்.

"அவனுக்கு கண்ணு கீதா, இல்ல வாடகைக்கு வுட்டுட்டானா?"

'தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்.'

"ஏசி ரூம்ல குந்திகினு, காப்பி குடிச்சிகினு, அடுத்தவ பொழப்ப மூடறானே, அவன் வெரல்ல கட்டி வரணும். எழுதிட்டீங்களா?"

"அத மெல்லமா எழுதறேன். எங்க, அந்த ஸ்க்ரீன்ஷாட்ட காட்டு, சேத்து அனுப்பலாம்."

போனை வாங்கிப் பார்த்தேன். 'சுஜாதா ஸ்கூட்டர் கிளாஸ். நிரந்தரமாக மூடப்பட்டது.' மாற்றப்பட்ட நாள் வியாழக்கிழமை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'இது அமைந்துள்ள இடம்', பக்கத்தில் அந்த ஷாப்ட்டின் பெயர்.

பெரிய ஊர்களில் ஒரு மால் இருக்கும். மாலுக்குள் கடைகள் இருக்கும். மால் மூடிவிட்டது என்று அழுத்தினால் உள்ளே இருக்கும் கடைகளும் தானாக மூடிவிடும். மென்பொருள் அப்படித்தான் செய்யும். பயிற்சியில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் மால் கிடையாது. தெருப் பெயரும் பெரிதாகக் கிடையாது. ஷாப்ட் எதிர்ல, ஷாப்ட் பின்னாடி என்றுதான் விலாசம். அந்த விலாசத்தைப் படித்த மென்பொருள், ஷாப்ட்டை ஒரு மால் என்று முடிவு கட்டி, சுற்றியிருந்த எல்லாக் கடைகளையும் அதற்குள்ளே தூக்கி வைத்திருக்கிறது. நான் சுரங்கத்தை மூடினேன். அதனோடு பதினோரு கடைகள் மூடிக்கொண்டன.

"இன்னாக்கா, எழுதறத நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி தேடறேன்."

"மூக்கு மேலதான கீது."

புகாரை அனுப்பினோம். என்னைப் பற்றிய புகாரை நானே, நல்ல இங்கிலீஷில், கமா, புள்ளி எல்லாம் பார்த்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவை எப்படி இருந்தது?' கீழே வரிசையாக ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பது வரை.

"எந்த மூஞ்சிய அமுக்கறது?" என்றாள் சுஜாதா. முதல் முகத்தை நாலைந்து தடவை அழுத்தினாள். 'மீண்டும் நன்றி' என்று வந்தது.

திங்கட்கிழமை மாலை இன்னொரு பதில் வந்தது. கடை இயங்குவதற்கு ஆதாரம் வேண்டும்: கட்டடத்தில் பொருத்திய பெயர்ப்பலகையின் படம், கடை முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீது.

"ஸ்கூட்டர்ல லைட்டு கீது, லைட்டு பில்லுக்கு எங்க போறது?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு அண்ணன் சுவரில் பெயர்ப்பலகையை ஒரு மணி நேரம் மாட்டி வைப்பது, அவருடைய ரசீதையே அனுப்பி வைப்பது.

வேண்டாம் என்றேன். அந்தப் படங்களைப் பார்க்கும் ஆட்களை எனக்குத் தெரியும். படத்துக்காக மாட்டிய பலகை எது, வருடக்கணக்கில் மழை வெயிலில் கிடந்த பலகை எது என்று சுவர்க் கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பொய் என்று முடிவானால் அவள் பெயரில் இனி எதுவுமே அந்த வரைபடத்தில் ஏறாது. இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பேப்பர்க்காவுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் லைனில் ஒரு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை, தினமும் பெங்களூர் ஆபீசுக்குப் போகிற ரயிலில், லீடிடம் சொன்னேன். அவள் பங்காருபேட்டைப் பெண், இருபத்தாறு வயது. வீட்டில் தெலுங்கு, ரயிலில் தமிழ், ஆபீசில் கன்னடமும் இங்கிலீஷும். எங்களுக்கு மேலே இருந்தாலும் அவளும் காண்ட்ராக்ட்தான். ஆபீசுக்குள் பேசுவது பதிவாகும் என்பதால் முக்கியமான பேச்சை எல்லாம் ரயிலிலேயே பேசிவிடுவோம்.

"அய்யோ அக்கா, லெவன் ஷாப்ஸா!"

"நானே திருப்பித் தொறக்க முடியாதா?"

"ஒரே ஆள் ஒரே ஐட்டத்த ரெண்டு தடவ தொட முடியாது. லாக் ஆயிடும்."

"வெண்டருக்கு மெயில் போட்டா?"

"வெண்டர் கம்பெனிக்கு அனுப்புவாரு. கம்பெனில மெஷின் படிச்சிட்டு வெண்டருக்கே திருப்பி வுடும். வெண்டர் எனக்கு அனுப்புவாரு. நான் உங்களுக்கு அனுப்புவேன். நீங்க என்கிட்ட கேப்பீங்க, 'இன்னா ஆச்சு?'ன்னு."

மாலூர் தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு ஃபார்ம் இருக்கு. மேனுவல்ல கடைசிப் பக்கம். 'நான் செய்த தவறு'ன்னு. நம்ம தப்ப நாமளே எழுதி அனுப்பறது. அது மட்டும் மெஷினுக்குப் போகாது, கம்பெனி ஆளுக்கு நேரா போகும். நம்ம தப்ப எண்ணி வெக்கணும்ல, அதுக்கு மட்டும் மனுஷன் வெச்சிருக்காங்க."

"யாராவது அனுப்பியிருக்காங்களா?"

"யாருக்கா அனுப்புவாங்க? லெவன் ஷாப்ஸ்னா சிவியர் எரர். அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்ட் ரினியூவல். ஹோக்லி, வுடுங்க. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உபயோகமானது இதுதான். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் மெஷின் பதில் சொல்லும். நாம் கேள்வி கேட்டால் வெண்டர் பதில் சொல்வார். தவறு என்னுடையது என்று சொன்னால் மட்டும்தான் அந்தப் பக்கம் ஒரு மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பெரிய கட்டடத்தில் எனக்குத் திறக்கக் கூடிய கதவு அது ஒன்றுதான் இருந்தது.

நாளிதழில் எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். மறுநாள் இதழில் வருகிற திருத்தத்தைத் தவறு செய்தவர்தான் எழுத வேண்டும். எழுதும் முன் பாதிக்கப்பட்டவரிடம் நேரில் பேச வேண்டும். மின்தடைப் பட்டியலில் நான் ஒரு வட்டாரத்தின் பெயரை மாற்றிப் போட்டதால் ஒரு ரைஸ் மில்காரர் நாள் முழுக்க வேலையை நிறுத்தி வைத்தார். அவரிடம் பேச ஆசிரியர் என்னை வெயிலில் பஸ் ஏற்றி அனுப்பினார். அந்த மனிதரை நான் அன்று மனதுக்குள் திட்டிய வார்த்தைகள் சுஜாதாவுக்குக்கூடத் தெரியாதவை. ஆனால் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை காலை என் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஒரே ஒரு மாணவி. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிய சுஜாதா, மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, ரயிலு வுட்டுட்டீங்களா?"

"ஒன் கிளாஸ மூடனது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. என் வேலை என்ன என்பதை, சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்த எல்லாவற்றையும், முதலிலிருந்து சொன்னேன். மாணவி தனியாக ஒரு சுற்று முடித்துவிட்டு, நிறுத்தத் தெரியாமல் இன்னொரு சுற்றுப் போனாள்.

"நீங்களா?" என்றாள் சுஜாதா. "நா அப்டி திட்டிகினு இருந்தேனே, நீங்க எழுதிகினே இருந்தீங்களே!"

"பாதியிலதான் தெரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

"வெரல்ல கட்டி வரணும்னு சொன்ன பாரு, அதுக்கு அடுத்து."

அவள் சிரிக்கவில்லை. மைதானத்தைப் பார்த்தாள். "தெரியாதவன் செஞ்சான்னு நெனச்சுகினு இருந்தேன்க்கா. அதுக்குக் கோவப்பட்டா ஒரு ஞாயம் இருந்துச்சு." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "சனிக்கிழம நா அந்த வேன்ல ஏறனா, நீங்களும் ஏறணும். ரெண்டு பேரும் பெட்டி தூக்குவோம்."

"ஏறறேன்."

"வீடியோவ பாத்து கத்துக்கங்க. நல்லா சொல்லிக் குடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, நிற்கத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பிடிக்க ஓடினாள்.

அன்று மதியம் ஆபீசில் அந்தப் படிவத்தைத் தேடித் திறந்தேன். 'என்ன நடந்தது' என்ற பெட்டிக்குள் நாலு வரி எழுதினேன். விளக்கமோ சாக்கோ சேர்க்கவில்லை. திருத்தம் எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எப்படி நேர்ந்தது என்று கதை சொல்வது. எது தவறு, எது சரி, யாருக்குப் பாதிப்பு என்று மட்டும் எழுதுங்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் திரையில் ஒரு அழைப்பு வந்தது. முகம் தெரியவில்லை. வட்டத்துக்குள் இரண்டு எழுத்து மட்டும். குரல் இளைஞருடையது. அதுவரையிலான நாலு வருடத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர் ஒருவர் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை. ஆங்கிலத்தில் பேசினோம். லீட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, ஏதோ தேடுகிறவள் போல நின்றுகொண்டாள்.

"அந்தச் சுரங்கம் இப்போது இயங்குகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. மூடித்தான் இருக்கிறது."

"அப்படியானால் உங்கள் பதில் சரி. சரியான பதிலுக்கு ஏன் தவறு அறிவிப்பு அனுப்பினீர்கள்?"

"பதில் சரி. அதனால் நடந்தது தவறு."

அவர் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இங்கே பதினோரு கடைகள் சுரங்கத்துக்குள் இருப்பதாகக் காட்டுகிறது."

"சுரங்கத்துக்குள் ஸ்கூட்டர் கிளாஸ் நடத்த முடியாது, சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது தவறோ என்று நினைத்தவர் போல உடனே நிறுத்திக்கொண்டார். பிறகு வழிகளைச் சொன்னார். கடைகளைச் சுரங்கத்திலிருந்து தனித்தனியாகப் பிரிக்கலாம். ஆனால் அது வேறு அணி, வேறு நாடு. அதற்கு இரண்டு மாதம் ஆகும். அல்லது நான் அழுத்தியதை அவர் இப்போதே ரத்து செய்யலாம். செய்தால் கடைகள் நாளைக்குள் திறந்துவிடும். கூடவே சுரங்கமும் திறந்துவிடும்.

"மூடிய சுரங்கத்தைத் திறந்திருப்பதாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை," என்றார். "நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

என்னிடம் அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. எத்தனை வினாடியில் முடித்தாய் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

உண்மை அல்லாத ஒரு வரியைத் தெரிந்தே அச்சில் விட்டதில்லை நான். அது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் கேள்வியை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பொய்யால் யாருக்கு என்ன ஆகும்? யாராவது நம்பிப் போய் உள்ளே விழுவார்களா? ஷாப்ட்டைச் சுற்றி வேலி இருக்கிறது, பூட்டிய கேட் இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார். வருகிறவர் கேட்டில் திட்டு வாங்கித் திரும்புவார். அந்த உண்மையால் யாருக்கு என்ன ஆகும்? பதினோரு கடைகளுக்கு இரண்டு மாதம். சுஜாதாவுக்கு இன்னும் இரண்டே நாள்.

"திறந்துவிடுங்கள்," என்றேன். "பிரிக்கச் சொல்லி அந்த அணிக்கும் இன்றே எழுதுங்கள். பிரித்த பிறகு சுரங்கத்தை மூடிக்கொள்ளலாம்."

"சரி. வேலை நேரம் கேட்கிறது. காலியாக விட்டால் இருபத்து நாலு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளும்."

"விட்டுவிடுங்கள். அங்கே மூன்று ஷிப்ட் ஓடியது உண்மைதான்."

பின்னால் லீட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் வெண்டரின் மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "மேடம், நீங்களே எதுக்குப் போய் சொன்னீங்க? இத என்ன பண்றதுன்னே எங்களுக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் பண்ணதில்ல." கடைசியில் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், மூன்று நாள் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள், ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் பதில் மூன்று மாதம் கொடுத்தார்கள். அப்படி மூன்று மூன்று மாதமாக இன்னும் இரண்டு வருடம் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சுஜாதாவின் பெயர் வரைபடத்தில் திரும்ப வந்தது. மாலையில் ரயில் இறங்கியதும் அவளுக்குப் போன் செய்தேன்.

"போன் வருதுக்கா, ஆனா வேற மாதிரி வருது," என்றாள். "சொரங்கம் தொறந்துட்டாங்களாமே, டிக்கெட்டு எவ்ளோ, கேஜ் லிப்ட்டுல எறக்கிக் காட்டுவீங்களான்னு பெங்களூர்லருந்து ஒருத்தன் கேக்கறான். பக்கத்துல எந்நம்பர்தான் கீது போல."

"நீ இன்னா சொன்ன?"

"கேஜ் இல்ல, ஸ்கூட்டர் கீது, கத்துக்கறீங்களான்னேன். அவம் பொண்டாட்டி போன வாங்கி, லீவுக்கு அம்மா வூட்டுக்கு உரிகம் வர்றேன், எம்பேர எழுதிக்கங்கன்னுட்டா." வாய்விட்டு எண்ணினாள். "அவளோட சேத்து நாலு. எட்டு வேணும்க்கா."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வீட்டில் உட்கார முடியாமல் ஒன்பதரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். வேன் பத்து மணிக்கு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பக்கத்தில் வந்து நிற்கும். மைதானத்தில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஆறாவதாக ஒரு டீச்சர் அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். சுஜாதா ஒவ்வொருவரையும் எண்ணினாள். என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"நீங்க ஓட்டுவீங்களாக்கா?"

"ஐம்பத்தாறு வயசுடீ எனக்கு."

"ஏழு," என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். "லீவுக்கு வர்ற உரிகம்காரியோட எட்டு."

பத்து மணிக்கு அவள் போன் அடித்தது. ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஸ்கூட்டரின் பின்கம்பி. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு இருக்கையின் மேல் வைத்தாள். கிடங்கின் காண்ட்ராக்டர். எங்கள் தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதிக்காரர். அவருக்கு மேலே இன்னொரு காண்ட்ராக்டர் இருந்தார், அதற்கும் மேலே ஒருவர். வருடா வருடம் அவரையும் நிறுத்தி நிறுத்தித்தான் சேர்ப்பார்களாம்.

"இன்னாம்மா சுஜாதா, வேன் நிக்குது. எல்லாரும் ஏறிட்டாங்க. வர்றியா இல்லியா?"

சுஜாதா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் மைதானத்தின் நடுவே ஒரு நர்சுப் பெண், அதுவரை இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனவள், முதல் முறையாக இரண்டையும் தூக்கி மேலே வைத்தாள். வண்டி ஆடியது. விழவில்லை. அவளே நம்ப முடியாமல் கத்தினாள்.

"வரலண்ணா," என்றாள் சுஜாதா.

"ஏம்மா? இன்னா ஆச்சு?"

"இங்க ஷாப்ட்ட தொறந்துட்டாங்கண்ணா. இங்கயே வேல."

"யாரு சொன்னது? சும்மா கத வுடாத."

"மேப்புல போட்டுக்கீதுண்ணா. நீங்களே பாருங்க."

போனில் கொஞ்ச நேரம் வேனின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சரும் மற்றப் பெண்களும் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து நின்றார்கள். பிறகு அவர் குரல் வந்தது, வேனில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்து.

"ஆமாம்மா... இருபத்து நாலு மணி நேரம்னு கீதே. ஆள் எடுக்கறாங்களா?"

சுஜாதா கையால் போனை மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தாள். நிமிர்ந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, பேப்பர்க்கா. உங்க டிபார்ட்மெண்ட்டு. பதில் சொல்லுங்க."